கடல் உள்வாங்கிய சனிக்கிழமை

என் அக்கா குன்வோரின் கல்யாணத்தன்று, நடக்க முடிந்த ஊர்க்காரர் எல்லோரும் அங்கே இருந்தார்கள், என்னைத் தவிர. நான் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு காலத்தில் ஹெர்ரிங் மீனின் குடலும் தலையும் ஓடிய சாக்கடைக்குள் மார்பால் ஊர்ந்துகொண்டிருந்தேன்.

1944 பிப்ரவரி. எங்கள் ஊர் க்ரோவிக் நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு குடாவின் உள்மடிப்பில் இருக்கிறது. ஊர்க்கோடியில், கடலுக்குள் நீண்ட பாறையின்மேல் மீன் எண்ணெய் ஆலை. போருக்கு முன் ஏழு வருடம் நான் அங்கே மின்சார வேலை பார்த்தேன். ஜெர்மானியர்கள் வந்ததும் ஆலையைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். கொதிகலன்களை மூலையில் தள்ளிவிட்டு உள்ளே டார்பிடோப் பட்டறை ஒன்றை வைத்தார்கள். அங்கே செய்தது டார்பிடோவின் மூக்கை மட்டும்தான். அந்த மூக்குக்குக் காது உண்டு. கப்பலின் சுழல்விசிறி போடும் சத்தத்தைத் தண்ணீருக்குள் கேட்டு, அதைத் துரத்திக்கொண்டு போகும். கப்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதுவும் திரும்பும். ஊரில் அதை "காது" என்றே சொன்னார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் சமைத்த என் அக்காவுக்கும் அது தெரியும்.

நான் இரண்டு வருடம் முன்பே ஸ்வீடன் போவதாகச் சொல்லிவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பி, இங்கிலாந்து போய், ஸ்காட்லாந்தில் பயிற்சி எடுத்திருந்தேன். ஜனவரி முதல் வாரம் எங்கள் மூவரையும் மலைமேட்டில் பாராசூட்டில் இறக்கினார்கள். தலைவர் ஒஸ்முன், பெர்கனில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், குரலை உயர்த்தவே மாட்டார். அடுத்தவன் கோரெ, த்ரோண்டலாகில் பண்ணைக்காரன், கதவளவு ஆள். மூன்றாவது நான். பனிமான் வேட்டைக்காரர்களின் குடிசை ஒன்றில் ஐந்து வாரம் கிடந்தோம். புயல் அடிக்கும், நிற்கும், மறுபடி அடிக்கும். பனிமான் கறியைத் தின்றோம், அதன் எலும்பைத் தின்றோம், கடைசியில் அதன் இரைப்பையில் இருந்த பாசியையும் கஞ்சியில் போட்டோம். ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு வருத்தம் வருவதில்லை. அடுப்பு நன்றாக எரிந்தது. ஒஸ்முன் நினைவிலிருந்து எங்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தார். கோரெ தூக்கத்தில் தன் பசுக்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான்.

பிப்ரவரி நடுவில் வானொலியில் செய்தி வந்தது. நாற்பது காதுகள் தயாராகிவிட்டன. அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த செவ்வாய் கப்பல் வந்து ஏற்றிப் போகும். அதற்குள் முடிக்க வேண்டும்.

ஊரில் எங்களுக்குத் தொடர்பு தூர்லைஃப். படகுத்துறையில் எஞ்சின் மெக்கானிக். அவன் ஞாயிற்றுக்கிழமை சறுக்குக்கட்டையில் மேலே வந்தான். கூடவே, கண்ணியில் காட்டுக்கோழி விழுந்ததா என்று பார்க்கப் போகிற சாக்கில், குன்வோரையும் அழைத்து வந்திருந்தான். நான் அங்கே இருப்பது இருவருக்குமே தெரியாது. கதவைத் தள்ளி உள்ளே வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அழவில்லை.

"ஸ்வீடன்ல மரம் வெட்டுறேன்னு லெட்டர் போட்ட. இதுதான் ஸ்வீடனா?"

"இங்கேருந்து பக்கந்தான்க்கா."

"முதல்ல அந்தத் தாடிய எடு. செத்த ஆட்ட மூஞ்சில கட்டின மாதிரி இருக்கு."

கோரெ சிரித்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நீ என்ன சிரிக்கிற? உன் மூஞ்சிலயும் அதே ஆடுதான்."

பையிலிருந்து தட்டை ரொட்டியும் உப்பிட்டு உலர்த்திய ஆட்டுத்தொடையும் எடுத்து வைத்தாள். கோரெ பேச்சை விட்டான்.

ஒஸ்முன் மேசைமேல் கரித்துண்டால் ஆலையை வரைந்தார். நிலத்துப் பக்கம் வேலி, காவல், இயந்திரத் துப்பாக்கி. கடல் பக்கம் பழைய கழிவுச் சாக்கடையின் வாய். கடல் நன்றாக உள்வாங்கினால் மட்டுமே அது வெளியே தெரியும்.

"சனிக்கிழமை மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு அமாவாசை வத்தம்," என்றான் தூர்லைஃப். "அந்த மாசத்துலயே அன்னிக்குத்தான் கடல் ரொம்ப உள்ள போகும். ராத்திரியும் போகும், ஆனா ராத்திரி நாய அவுத்து விடுறாங்க."

"பகல்ல யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க," என்றார் ஒஸ்முன். "உள்ள போய் வர்றது முடியும். என் கவலை அது இல்ல. வெடிச்ச பிறகு ஊர்க்காரங்கள விடுவாங்களா?"

போன குளிர்காலத்தில் பக்கத்துக் குடாவில் ஒரு மின்மாற்றி எரிந்ததற்கு இருபது ஆண்களைக் கொண்டுபோயிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர் முப்பத்தொரு பேர் பட்டறைக்குள் கூலிவேலை செய்தார்கள். உள்ளே ஆள் விட்டது யார் என்ற கேள்வி முதலில் அவர்கள்மேல்தான் விழும்.

குன்வோர் கத்தியைத் துடைத்து வைத்தாள். "அந்த நேரத்துல ஊரே ஒரே கூரைக்குக் கீழ இருந்தா? ஜெர்மன்காரனே பக்கத்துல நின்னு தல எண்ணிட்டிருந்தா?"

"கூட்டம் கூடக் கூடாதுன்னுதான சட்டம்?" என்றேன்.

"சாவுக்கும் கல்யாணத்துக்கும் சீட்டுக் குடுப்பாங்க. பேர்ப் பட்டியல் எழுதிக் குடுக்கணும். ஒரு சார்ஜென்ட் வந்து உக்காந்து சரிபார்ப்பான்."

"யாரு கல்யாணம்?" என்றான் கோரெ, வாய் நிறைய ரொட்டியோடு.

"எனக்கும் தூர்லைஃபுக்கும்."

தூர்லைஃப் மூலையில் உட்கார்ந்து சறுக்குக்கட்டையின் வாரை முடிந்துகொண்டிருந்தான். கை நின்றது. ஆறு வருடமாக ஒவ்வொரு கோடைத் திருநாளுக்கும் அவளைக் கேட்டு, ஒவ்வொரு முறையும் "அடுத்த வருஷம் பாப்போம்" என்று பதில் வாங்கியவன். ஊரில் அது தெரியாதவர் இல்லை.

"நான் ஆறு வருஷம் கேட்டேன்," என்றான் மெதுவாக. "இப்ப இங்கிலாந்து கேட்டதும் சரின்னுட்ட."

"கல்யாணம் உனக்காகத்தான். தேதி மட்டுந்தான் இங்கிலாந்துக்காக."

"நிஜமாவா?"

"பொய் சொல்ல நான் ஏன் இவ்வளவு தூரம் மலையேறி வரேன்?"

அவன் வாரை மறுபடி எடுத்தான். முடிச்சுப் போட வரவில்லை. கோரெ அதை அவன் கையிலிருந்து வாங்கி முடித்துக் கொடுத்தான்.

ஆறு நாளில் ஒரு கல்யாணம். ஊர் அதை எப்படி நடத்தியது என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தொழுவத்தில் மாடு வைத்திருந்தவர்கள் எல்லோரும், ஜெர்மானியருக்குக் கட்ட வேண்டிய பாலில் ஏடெடுத்து மறைத்தார்கள். புளித்த பாலேட்டுக் கஞ்சி இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது. ஜெர்மானியர் வைத்த அரசின் கீழ் இருக்க மாட்டேன் என்று போதகர் அரசு வேலையை உதறியதால் இரண்டு வருடமாகத் தேவாலயம் பூட்டிக் கிடந்தது. அதனால் தூர்லைஃப் வீட்டுப் படகுக் கொட்டகையைக் கழுவித் துடைத்தார்கள். பட்டியலில் தொண்ணூற்று நான்கு பெயர். ஆலைத் தளபதி அதைப் படித்துப் பார்த்து, வேலைக்காரர்களுக்குச் சனிக்கிழமை ஒரு மணியோடு விடுப்புக் கொடுத்தான். ஊர் கல்யாணம் பண்ணிக்கொள்கிறது என்றால் ஊர் அமைதியாக இருக்கிறது என்று அவனுக்குச் சந்தோஷம். என்ன நடக்கப்போகிறது என்பது மணமக்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

சனிக்கிழமை நண்பகலில் நாங்கள் ஆலைக்கு மேலே பூர்ஜ மரக் காட்டில் படுத்திருந்தோம். மூவரும் ஆங்கிலேய ராணுவ உடையில். பிடிபட்டாலும் செத்தாலும் ஊர்க்காரன் என்று தோன்றக் கூடாது. வானம் வெளிறியிருந்தது, காற்று இல்லை. கீழே சாலையில் ஊர் வரிசையாகப் போனது. முன்னால் வயலின்காரர், பின்னால் அக்காவும் தூர்லைஃபும், அப்புறம் கறுப்புச் சால்வையில் என் அம்மா. இரண்டு வருடம் கழித்து அம்மாவைப் பார்க்கிறேன், குன்றின் மேலிருந்து, விரலளவுக்கு.

"உன் அம்மாவா?" என்றான் கோரெ.

"ம்."

"நல்லா நடக்குறாங்க."

அதைக் கேட்டு என் மனம் லேசானது. ஆமாம், நன்றாகத்தான் நடந்தாள்.

இரண்டரைக்குப் பாறை இடுக்கு வழியாக இறங்கினோம். கடல் பின்வாங்கி, கறுத்த பாசியும் பனிக்கட்டி விளிம்பும் தெரிந்தன. சாக்கடை வாயில் கம்பிக் கதவு. முந்தின நாள் மீன் பிடிக்கும் சாக்கில் படகில் வந்த தூர்லைஃப் நான்கு திருகில் மூன்றைத் தளர்த்தியிருந்தான். நான்காவது துருவேறி இறுகியிருந்தது. கோரெ காலைப் பாறையில் ஊன்றி இழுத்தான். திருகு அசையவில்லை. கம்பிதான் வளைந்தது. அது போதுமானதாக இருந்தது.

நாற்பது மீட்டர். ஆலை நின்று நான்கு வருடம் ஆகியும் மீன் வாடை போகவில்லை. நடுவில் கோரெயின் தோள் சிக்கிக்கொண்டது.

"அஞ்சு வாரம் பட்டினி கெடந்தும் ஒனக்குத் தோள் சுருங்கலையேடா," என்றேன் பின்னாலிருந்து.

"தள்ளு. பேசாத."

தள்ளினேன். ஏதோ கிழிந்தது, அவன் சட்டையாகத்தான் இருக்க வேண்டும். பழைய கொதிகலன் அறையின் தரைமூடியைத் தூக்கி வெளியே வந்தோம். எதிரே காது அறையின் கதவு. புதுப் பூட்டு இருக்கும், அதை உடைக்கக் கால் மணி ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தோம். கதவு பூட்டியிருக்கவில்லை. அப்படியென்றால் உள்ளே ஆள் இருக்கிறது.

ஒஸ்முன் துப்பாக்கியை எடுத்தபடி மெல்லத் திறந்தார். நீண்ட அறை. சுவரோரம் அலமாரித் தட்டுகளில் நாற்பது காதுகள், சின்னப் பானைகளைக் கவிழ்த்து வைத்த மாதிரி பளபளத்தன. நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் முன்னால், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தொட்டிக்குள் ஒரு காதை இறக்கிச் சோதனை செய்துகொண்டிருந்தார். உலகத்துச் சத்தத்தையெல்லாம் கேட்கும் கருவியைக் காதில் வைத்திருந்தவருக்கு நாங்கள் வந்தது கேட்கவில்லை. கோரெ தோளில் கை வைத்த பிறகுதான் திரும்பினார்.

அவர் கத்தவில்லை. மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எங்கள்மேல் அடித்த நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தார்.

ஒஸ்முனுக்கு ஜெர்மன் தெரியும். அவர்கள் பேசியதை எனக்குப் பிறகு சொன்னார். அப்போதே பாதி புரிந்தது.

"வெடி வைக்கப் போறீங்களா?"

"ஆமா."

"என்னையும் சேர்த்தா?"

"இல்ல. நீங்க எங்ககூட வெளிய வருவீங்க. சத்தம் போட்டா மட்டும் வேற."

"சத்தம் போட எனக்கென்ன பைத்தியமா," என்றார் அவர். நாங்கள் வெடிமருந்தைக் காதுகளின் கழுத்தோரம் மாலை மாதிரி வரிசையாகக் கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூலையிலிருந்த இரும்பு அலமாரியைக் காட்டினார்.

"அத விட்டுட்டீங்களே."

"அதுல என்ன?"

"வரைபடம் முழுக்க அதுலதான் இருக்கு. பெர்லின்ல இருந்த நகல் நவம்பர்ல குண்டுவீச்சுல எரிஞ்சுபோச்சு. அத விட்டுட்டுப் போனா மூணு மாசத்துல மறுபடி செஞ்சிடுவாங்க. செய்ய என்னையே கூட்டிட்டு வருவாங்க. எனக்கு வீட்டுக்குப் போகணும். பேரிக்கா மரமெல்லாம் மூணு வருஷமா கவாத்து இல்லாம கெடக்கு."

ஒஸ்முன் என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். அவர் கைப்பிடியைத் தொடப் போனபோது, அலமாரியின் பின்காலோரம் சுவருக்குள் போகும் மெல்லிய கம்பி ஒன்று என் கண்ணில் பட்டது. அந்தச் சுவருக்குக் கம்பி இழுத்தவன் நான். அங்கே எதுவும் இருக்கக் கூடாது.

"தொடாதீங்க வாத்தியாரே. அலாரம்."

கோரெயின் துப்பாக்கி அந்த மனிதர் பக்கம் திரும்பியது. அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மறந்தே போச்சு. போன வாரந்தான் வச்சாங்க. மேல, மூடிக்குப் பின்னால ஒரு சாவி இருக்கு. இடது பக்கம் திருப்பணும்."

நிஜமாகவே மறந்தாரா, மாட்டிவிடப் பார்த்தாரா? யோசிக்க நேரமில்லை. அவர் சொன்ன சாவியை நான் தொடவில்லை. கம்பியின் உறையைச் சீவி, உள்ளிருந்த இரண்டு இழையையும் வேறொரு கம்பியால் இணைத்துவிட்டு அலமாரிப் பக்கத்தில் வெட்டினேன். அந்த வேலையில் எனக்கு இன்றும் ஒரு சின்னப் பெருமை உண்டு. அலமாரி சத்தமில்லாமல் திறந்தது. வரைபடச் சுருள்கள். ஒன்றை லண்டனுக்காக எடுத்துக்கொண்டோம், மற்றதைத் தொட்டிக்குக் கீழே வெடிமருந்தின்மேல் குவித்தோம்.

இருபது நிமிடத் திரி. அந்த மனிதரைக் காவல் கண்ணில் படாதபடி முற்றத்து ஓரமாக உப்புக் கிடங்குக்கு நடத்திப் போனோம். கல் சுவர், வெடி அங்கே எட்டாது. குளிருக்குச் சாக்குகளைப் போர்த்திக் கோரெ அவரைத் தூணில் கட்டினான்.

"இன்னும் இறுக்கமா கட்டுங்க," என்றார் அவர். "இப்படிக் கட்டுனா நானே கட்டிக்கிட்டேன்னு சொல்வாங்க."

கோரெ இறுக்கினான். ஒஸ்முன் தன் ஆங்கிலேயத் தொப்பியை வாசலில் போட்டுவிட்டு வந்தார்.

திரும்பும்போது கடல் ஏற ஆரம்பித்திருந்தது. சாக்கடையின் கடைசிப் பத்து மீட்டரில் தண்ணீர் தாடை வரை. பனிக்கட்டித் தண்ணீர். வெளியே வந்து பாறை இடுக்கில் ஏறும்போது உடை உடம்பிலேயே உறைந்து மொடமொடத்தது. காட்டில் காய்ந்த உடை வைத்திருந்தோம். மாற்றிக்கொண்டு சறுக்குக்கட்டையை மாட்டும்போது கீழே சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, தொழுவக் கதவைக் காற்று அறைந்த மாதிரி. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெளியே கொட்டின. பிறகு புகை. காவல்காரர்கள் கடலைப் பார்த்துச் சுட்டார்கள். படகில் வந்திருப்போம் என்று நினைத்துவிட்டார்கள். நாங்கள் அவர்களுக்கு முதுகைக் காட்டி மலையேறினோம்.

அந்த நேரம் கொட்டகையில் நடந்ததை அக்கா சொல்லி அறிந்தேன். போதகர் ஆசீர்வாதம் முடித்து, கஞ்சி பரிமாறி, நடனம் தொடங்கியிருந்தது. வாசலருகே சார்ஜென்ட் பட்டியலோடு உட்கார்ந்திருந்தான். தொண்ணூற்று நான்கு பெயருக்கும் நேரே கோடு போட்டுவிட்டு இரண்டாவது கிண்ணம் கஞ்சியில் இருந்தான். சத்தம் கேட்டதும் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தான். வயலின்காரர் வாசிப்பதை நிறுத்தவில்லை. தூர்லைஃப் அவன் வழியில் போய் நின்றான்.

"சார், கையெழுத்து."

"தள்ளு, அப்புறம்."

"முடிஞ்சதும் கையெழுத்து வாங்கணும்னு சீட்டுல போட்டிருக்கு சார். இல்லேன்னா திங்கக்கிழம என்னைத்தான் உள்ள வைப்பாங்க. இன்னிக்குத்தான் கல்யாணம் ஆயிருக்கு."

சார்ஜென்ட் பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லோரும் இருக்கிறார்கள் என்று எழுதி, மணியும் போட்டுக் கையெழுத்து வைத்தான். நான்கு மணி இருபத்தாறு நிமிடம்.

அந்தத் தாள்தான் ஊரைக் காப்பாற்றியது. திங்கட்கிழமை விசாரணைக்கு வெளியிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில், அதற்கு அவர்களின் ஆளே சாட்சி. உப்புக் கிடங்கிலிருந்து அவிழ்த்துவிடப்பட்ட மனிதர், பத்துப் பேருக்குக் குறையாமல் வந்தார்கள், எல்லோரும் ஆங்கிலம் பேசினார்கள், கடல் வழியாகத்தான் போனார்கள் என்று சொல்லியிருக்கிறார். அலாரத்தைப் பற்றி அவர் உண்மையிலேயே மறந்துதான் போயிருக்க வேண்டும் என்று அதைக் கேட்ட பிறகு எனக்குத் தோன்றியது. மாதக் கடைசியில் அவரை வேறெங்கோ அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குத்தான் என்று நம்புகிறேன். ஊரிலிருந்து ஒருவரையும் கொண்டுபோகவில்லை. பட்டறையில் மறுபடி காது செய்யப்படவும் இல்லை. தளபதி மட்டும் மாற்றலாகிப் போனான்.

நாங்கள் மூவரும் பதினான்காம் நாள் ஸ்வீடன் எல்லையைத் தாண்டினோம். எல்லைக் காவலர் காப்பி கொடுத்தார், நிஜக் காப்பி. கோரெ ஒரு மிடறு குடித்துவிட்டு, அடுத்த மிடறுக்கு அவசரப்படாமல் வெகுநேரம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். ஒஸ்முன் தூங்கிப்போனார், உட்கார்ந்தபடியே.

போர் முடிந்து ஜூன் மாதம் ஊருக்கு வந்தேன். அம்மா என் கன்னத்தைத் தட்டி, இளைத்துவிட்டாய் என்றாள். அக்கா எனக்கு இடம் போட்டுப் படுக்கை விரித்தாள். மறுநாள் விடிந்ததும் தூர்லைஃப் வந்து என் போர்வையை இழுத்தான்.

"எந்திரி. படகு எஞ்சின் பிடிக்க மாட்டேங்குது. கம்பியில ஏதோ கோளாறு."

"நீதான மெக்கானிக்?"

"எஞ்சினுக்கு நான். கம்பிக்கு நீ."

போய்ப் பார்த்தேன். பேட்டரியில் ஒரு முனை பச்சை பூத்திருந்தது. சுரண்டி முடுக்கினேன். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. அக்கா ரொட்டி மூட்டையோடு வந்து ஏறிக்கொண்டாள். குடாவின் நடுவுக்குப் போய்த் தூண்டில் போட்டோம். கானாங்கெளுத்தி நல்ல கூட்டமாக வந்திருந்தது. பத்து மணிக்குள் கூடை நிறைந்துவிட்டது. கரைக்குத் திரும்ப மூவருக்குமே மனசில்லை.